லித்துவேனியா தோற்ற புதன்கிழமை

லித்துவேனியா தோற்றுவிட்டது என்ற செய்தி காலை ஆறு ஐம்பதுக்கு, சிட்னி செவன் ஹில்ஸில் தான் வேலைசெய்த தொழிற்சாலையின் கழிவறைக்குள் வைத்து அலோசியஸுக்குத் தெரியவந்தது. போனைப் பார்க்காதே என்று தன்னைத்தானே மூன்று தரம் எச்சரித்துவிட்டுத்தான் பார்த்தார். ஐரோப்பியக் கூடைப்பந்துக் கிண்ணம், காலிறுதி. கிரீஸ் வென்றது, லித்துவேனியா வெளியே.

“மாதாவே, என்ரை வேலை போச்சு,” என்றார் அலோசியஸ்.

லித்துவேனியா தோற்றதற்கும், அந்த நாட்டை வரைபடத்தில் தொட்டுக்காட்டத் தெரியாத ஒரு மன்னார்க்காரரின் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் மனேஜர் வித்தாஸ். ஆறரை அடி உயரம். லித்துவேனியாவில் பிறந்து வளர்ந்தவர்.

இரண்டு வருடங்களுக்கு முன், தயிர் டப்பாக்களுக்கு மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அலோசியஸ் ஏஜென்சி மூலம் தற்காலிக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மனேஜர் தன் நாட்டின் பெயரைச் சொன்னார். அலோசியஸ் திருதிருவென்று விழித்தார். வீட்டுக்குப் போய் மகள் அனோஜினியைக் கேட்டார்.

“அப்பா, அங்கை பாஸ்கற்போல் ஒரு ரிலிஜன் மாதிரி,” என்றாள் அவள், போனைத் தட்டிப் பார்த்துவிட்டு.

மனைவி ஞானமலர் அதை விடவில்லை. “அப்ப அதையே கதையுங்கோ. தங்கடை நாட்டைப் பற்றிக் கதைச்சா எந்த மனுசனும் உருகிப்போவான்.”

மறுநாள் காலையில் அலோசியஸ், “லித்துவேனியா! பாஸ்கற்போல்! ஐ லவ்!” என்றார். மனேஜரின் முகம் மலர்ந்தது. எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது.

இந்தமுறை போட்டி ஆரம்பித்ததும் மனேஜர் சாப்பாட்டறைச் சுவரில் பெரிய ரீவி ஒன்றைப் பூட்டினார். சிட்னியில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் நடந்துமுடிந்த ஆட்டத்தின் பதிவு, மத்தியானம் பன்னிரண்டுக்கு அதில் ஓடும். இடைவேளை அரைமணி நேரம் என்பதால் கடைசிப் பகுதி மட்டும். முதல் வரிசையில் மனேஜருக்கு ஒரு கதிரை, பக்கத்தில் அலோசியஸுக்கு ஒரு கதிரை. சில பந்துக்கு இரண்டு புள்ளியும் சில பந்துக்கு மூன்று புள்ளியும் ஏன் கொடுக்கிறார்கள் என்பது அலோசியஸுக்கு இன்றுவரை விளங்கவில்லை. மனேஜர் கைதட்டினால் இவரும் தட்டுவார். அவசரத்தில் இவர் முந்திவிட்டால் மனேஜரும் கூடத் தட்டுவார். ஒருநாள் எதிரணி போட்ட கூடைக்கு இருவருமாகச் சேர்ந்து தட்டிவிட்டார்கள்.

இந்தப் பாடெல்லாம் எதற்கு? ஒரு நிரந்தர வேலைக்கு. ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்கு ஏஜென்சியிலிருந்து குறுஞ்செய்தி வரும். வந்தால் நாளைக்கு வேலை, வராவிட்டால் இல்லை. இரண்டு வருடமாக ஐந்து மணி ஆனதும் கிரவீனில் உள்ள அவர் வீட்டில் மூன்று பேரும் மேசையில் கிடக்கும் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு காய்ச்சலுக்குக்கூட ஒழுங்காகப் படுக்க முடியாத வாழ்க்கை.

போன மாதம் மனேஜரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். “ஒரு நிரந்தர இடம் வருகிறது, அலோசியஸ். உங்களைத்தான் நினைத்திருக்கிறேன்.”

பிறகு ஒருநாள் சாப்பாட்டறையில் கேட்டார். “இந்த மத்தியான ஆட்டம் உங்களுக்கு அவ்வளவு முக்கியமா?”

“முக்கியமோ? மத்தியானம் மச் இல்லாட்டி எனக்கு இந்த வேலையே வேண்டாம், பொஸ்!”

மனேஜர் யோசனையோடு தலையாட்டினார். என்ன மாதிரி ஒரு பதில் சொன்னோம் என்று அலோசியஸ் அன்று முழுவதும் தன்னையே மெச்சிக்கொண்டார்.

அதற்கு மறுநாள்தான் லித்துவேனியா ஜேர்மனியிடம் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் மனேஜர் அலோசியஸின் தோளில் கையை வைத்து, “ஐ ஆம் சொறி,” என்றார்.

“எதுக்குச் சொறி சொன்னவர்?” என்று அன்று வீட்டில் ஞானமலர் கேட்டாள்.

“வேறை எதுக்கு? வேலை இல்லையெண்டுதான். தோத்த கோவம்.”

பிறகு லித்துவேனியா வெல்ல வெல்ல மனேஜர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். ஆனால் நிரந்தர வேலைக்கான கடிதம் வரவில்லை. ஆக, இன்றைய ஆட்டத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்று அலோசியஸ் முடிவுகட்டியிருந்தார். தெரிந்துவிட்டது, மத்தியானத்துக்கு ஐந்து மணி நேரம் முந்தியே.

ஏழு மணிக்கு மனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். “யாருக்காவது ஸ்கோர் தெரிந்திருந்தால் வாயைத் திறக்கக்கூடாது. பார்க்கக் காத்திருக்கிற மனிதனுக்கு அது பெரிய பாவம்.”

இதைச் சொன்னபோது மனேஜரின் கண் அலோசியஸ் மேலேயே இருந்தது.

ஆட்டம் ஓடினால்தானே தோல்வி? எட்டு மணிக்கு அலோசியஸ் நழுவிப்போய் ரீவியின் ரிமோற்றை எடுத்துவந்தார். சட்டைப்பையில் வைத்தால் துருத்திக்கொண்டு நின்றது. தன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பாதி நிரம்பியிருந்த மூடிப் பெட்டிக்குள் அதைப் புதைத்தார். பின்னேரம் எடுத்துத் திரும்ப வைத்துவிடலாம் என்பது திட்டம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் பெட்டியைக் காணவில்லை.

“ஸ்ரான்லி! இதிலை இருந்த பெட்டி எங்கை?”

பாரந்தூக்கி ஓட்டும் ஸ்ரான்லி யாழ்ப்பாணக் கரையோரத்து ஆள், அலோசியஸைவிட ஐந்தாறு வயது இளையவர், அவரும் ஏஜென்சியால் வந்தவர்தான். “நிரப்பி, ஒட்டி, லொறியிலை ஏத்தியாச்சு அண்ணை. இப்ப வொலங்கொங் றோட்டிலை போய்க்கொண்டிருக்கும். ஏன்?”

“சும்மா கேட்டனான்,” என்றார் அலோசியஸ்.

பத்து மணிக்கு மனேஜர் ரிமோற்றைத் தேடினார். பத்தேகாலுக்கு இயந்திரங்களை நிறுத்திவிட்டு வேலையாட்கள் முப்பது பேரையும் தேடச் சொன்னார். எல்லோரையும்விட மும்முரமாகத் தேடியவர் அலோசியஸ். முழங்கை வரை குப்பைத் தொட்டிக்குள் விட்டுத் துழாவினார். அதைக் கண்ட மனேஜருக்குக் கண் கலங்கியே போய்விட்டது.

“போதும் அலோசியஸ், எழும்புங்கள். ரிமோற் இல்லாவிட்டால் என்ன, என்னுடைய மடிக்கணினியை ரீவியோடு இணைக்கிறேன். இன்றைக்கு முழு ஆட்டத்தையும் போடுவோம். இடைவேளை இரண்டு மணி நேரம்!”

முப்பது பேரும் ஆரவாரம் செய்தார்கள். அரைமணி நேரத்தோடு போயிருக்க வேண்டிய கண்டத்தை அலோசியஸ் தன் கையாலேயே இரண்டு மணி நேரமாக நீட்டிவிட்டார்.

இனி ஒரே வழி, தோற்கும்போது அந்த இடத்தில் இருக்கக்கூடாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மனேஜரின் அறைக்குப் போனார்.

“பொஸ், வயித்துக்குள்ளை குத்துது. நான் வீட்டை போறன்.”

மனேஜர் கதிரையை விட்டே எழுந்துவிட்டார். “இன்றைக்கா? இந்த நாளிலா?”

“என்ன செய்யிறது பொஸ், குடுத்துவைக்கேல்லை.”

“நீங்கள் பஸ்ஸில் போகக்கூடாது. நான் கொண்டுபோய் விடுகிறேன்.”

வேண்டாம் என்று அலோசியஸ் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். மறுக்க மறுக்க மனேஜரின் இரக்கம் கூடிக்கொண்டே போனது. காரில் ஏறியதும் வானொலியில் விளையாட்டுச் செய்தி தொடங்கியது. ‘ஐரோப்பிய’ என்று அறிவிப்பாளர் வாயெடுத்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பொத்தானுக்குப் பாய்ந்ததில் கார் ஒருதரம் ஆடி நிமிர்ந்தது.

“நல்லவேளை, ஸ்கோரைச் சொல்லவில்லை,” என்றார் மனேஜர்.

“ஓம், நல்லவேளை,” என்றார் அலோசியஸ். இப்போது உண்மையிலேயே வயிறு குத்தத் தொடங்கியிருந்தது.

கிரவீனில் கதவைத் திறந்த ஞானமலர், வாசல்நிலையைவிட உயரமான ஒரு வெள்ளைக்காரரையும் அவருக்குப் பின்னால் தன் புருசனையும் கண்டாள். கடிதத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார் என்றே அவளுக்குப் பட்டது.

“வாங்கோ, வாங்கோ! உள்ளை வாங்கோ! கம், கம்!”

மனேஜருக்குப் பின்னால் நின்று அலோசியஸ் கண்ணாலும் கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினார். சப்பாத்தைக் கழற்றச் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மனேஜர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார். அவருடைய முழங்கால் இரண்டும் நாடிக்கு நேராக நின்றன. எதிரே சுவரில் இருந்த ரீவி அவர் கண்ணில் பட்டது.

“நல்ல பெரிய ரீவி,” என்றார் மெதுவாக.

அலோசியஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“அலோசியஸ், நீங்கள் இதில் சாய்ந்து படுங்கள். ஆட்டத்தை இங்கேயே பார்ப்போம். தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்காது, ஸ்ரான்லியையும் வரச் சொல்கிறேன்.”

பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஸ்ரான்லியின் சப்பாத்தும் சேர்ந்தது. ஞானமலர் குசினிக்குள் நின்று மீன் ரோல்ஸ் பொரித்தாள். சூடாக ஒரு தட்டு வந்தது. அலோசியஸ் கையை நீட்டினார்.

“நோ, நோ, வயிறு!” என்று தட்டை எட்டாத தூரத்துக்கு நகர்த்திவைத்தார் மனேஜர். நோயாளிக்கு ஒரு கோப்பை அரிசிக் கஞ்சி வந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஞானமலர் கஞ்சிக் கோப்பையை எடுக்கிற சாட்டில் குனிந்தாள்.

“இஞ்சேருங்கோ, கடிதம் எப்ப தருவார்?”

“கடிதமோ? இந்த மச் தோத்தாச்சு. விடியவே தோத்தாச்சு. மனுசனுக்கு இன்னும் தெரியாது.”

ஞானமலர் நேரே அறைக்குள் போய் மடுமாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். அலோசியஸ் கழிவறைக்குப் போகிற மாதிரிப் பின்னால் போனார்.

“என்ன செய்யிறாய்?”

“லித்துவேனியா வெல்லோணுமெண்டு மன்றாடுறன்.”

“முடிஞ்ச மச்சுக்கோ?”

“மாதாவாலை ஏலாதது எண்டு ஒண்டு இருக்கோ? நீங்கள் போய்க் கைதட்டுங்கோ.”

அலோசியஸ் திரும்பிவந்து தட்டினார். கால்வாசி ஆட்டம் போயிற்று, அரைவாசி போயிற்று. கிரீஸ்காரர்கள் மலைபோல் வந்து மோதினார்கள். மனேஜர் திரையைப் பார்த்ததைவிட அலோசியஸின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். விசுவாசத்தைச் சோதிக்கிறார் என்று அலோசியஸுக்கு வியர்த்தது. விசுவாசத்தைக் காட்ட வேண்டுமே என்று கஞ்சிக் கோப்பையோடு துள்ளி எழும்பி, “கமோன் லித்துவேனியா!” என்று கத்தினார். கஞ்சி மனேஜரின் காற்சட்டையில் கொட்டியது.

“பரவாயில்லை, பரவாயில்லை,” என்றார் மனேஜர். “இருங்கள். பதறாதீர்கள்.”

ஸ்ரான்லி ஒரு மூலையில் தலையைக் குனிந்தபடி ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஆட்டத்தில் மனம் போனதாகத் தெரியவில்லை. அலோசியஸ் பார்த்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடைசி ஊதல் ஊதினார்கள். மாதா ஏற்கெனவே முடிந்த விஷயத்தில் தலையிட விரும்பவில்லை. லித்துவேனியா காலையில் தோற்றது போலவே மத்தியானமும் தோற்றது.

இரண்டு வருடத்து ஐந்து மணிகள் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து அலோசியஸின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. பிடித்துவைத்துப் பார்த்தும் முடியாமல் இரண்டு சொட்டுக் கண்ணீர் கஞ்சிக் கோப்பைக்குள் விழுந்தது.

மனேஜர் எழுந்து வந்து அவர் தோளில் கையை வைத்தார்.

“சொறி, அலோசியஸ். ரொம்பச் சொறி. நாளைக்கும் வீட்டிலேயே இருங்கள்.”

ஞானமலருக்குக் கைகூப்பிவிட்டு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

“நாளைக்கு வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டார்,” என்றாள் ஞானமலர். “ஆரோ அந்தரத்திலை பந்து போட, எங்கடை வீட்டிலை அடுப்பு அணையிறதோ?”

ஸ்ரான்லி வாசலில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாடாவை நாலாம் தரம் அவிழ்த்துக் கட்டினார். அலோசியஸ் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“ஸ்ரான்லி, உண்மையைச் சொல்லு. இவங்கள் தோத்த கோவத்திலை மனேஜர் அந்தப் பேர்மனென்ற் இடத்தை எனக்குத் தராமல் விட்டிடுவாரோ?”

ஸ்ரான்லி தலையை நிமிர்த்தவேயில்லை.

“அந்தாளுக்கு பாஸ்கற்போலைக் கண்ணிலையும் காட்டக்கூடாது அண்ணை, உயரமான பெடியனெண்டு சின்னனிலை பிடிச்சு விளையாட விட்டதிலை வந்த வெறுப்பு, மச் இல்லாட்டி வேலையே வேண்டாமெண்டு நீங்கள் சொன்னபடியாலைதான் பாவம் உங்களுக்காகக் குந்தியிருந்து பாத்தவர், அந்தப் பேர்மனென்ற் இடம் லோடிங் பக்கத்திலை, அங்கை மத்தியான லஞ்ச் இல்லை, உங்களுக்கு மச் பாக்கேலாதெண்டு அதையும் போன வெள்ளிக்கிழமை எனக்குத் தந்திட்டார்.”