இன்னொரு பார்ட்டி

இன்று எப்படியும் அந்த செகண்ட் ஹாண்ட் கலர் மெஷினை வாங்கிவிடுவது, சம்சாரத்திடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் வாங்கிவிடுவது என்று அச்சகக்காரர் காலையிலேயே முடிவு கட்டிவிட்டார். கேட்டால் போச்சு. குண்டூசி வாங்கினாலும் குத்திப் பார்த்து வாங்குகிற மகராசி அவள்! "பேப்பர் வாங்கிட்டு வரேன்" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு, மனுஷன் ஓட்டமும் நடையுமாக மெஷின் கடைக்கு வந்து சேர்ந்தார்.

பத்து வருஷச் சேமிப்பு மொத்தமும் காசோலையாகச் சட்டைப்பையில் உட்கார்ந்திருந்தது. மெஷின் காலை வாரினால் அச்சகத்துக்குப் பூட்டுத்தான். இவருக்கோ உட்காரவே முடியவில்லை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சீக்கிரம் சார், பதினோரு மணிக்கு இன்னொரு பார்ட்டி வருது," என்றார் கடைக்காரர்.

"யாரு?"

"ஒரு அம்மா. மூணு நாளா வந்து உயிரை வாங்குறாங்க. இதுவரைக்கும் எத்தனை காப்பி ஓடியிருக்கு, ரிப்பேர்னா எத்தனை மணி நேரத்துல ஆள் வரும், எல்லாம் எழுத்துல வேணும்னு ஒரே பிடி!"

"மெஷின் வாங்க வந்தாங்களா, துப்புத் துலக்க வந்தாங்களா?"

"அவங்க வீட்டுக்காரர் பாவம் சார்."

"பாவந்தான்," என்று அச்சகக்காரர் மனசார உச்சுக்கொட்டினார்.

கடைக்காரர் நீட்டிய மாதிரித் தாளில் ரோஜாப்பூ பளபளத்தது. அது இந்த மெஷினில்தான் அச்சானதா என்று கேட்க இவருக்குத் தோன்றவே இல்லை. மணி பத்தே முக்கால். அந்த அம்மா வந்து தொலைத்தால்? கை பரபரத்தது. ஒப்பந்தத்தைப் படிக்காமலே பேனா மூடியைக் கழற்றினார்.

கதவு திறந்தது.

"அவங்கதான் சார்!"

கக்கத்தில் ஒரு கட்டுத் தாளோடு நின்றவளைப் பார்த்ததும் இவர் பேனாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். சாட்சாத் அவர் சம்சாரம்!

"பேப்பர் வாங்கணும்னீங்களே. நானே கொண்டு வந்துட்டேன்."

"உனக்கு... எப்படித் தெரியும்?"

"மெஷின் படத்தைத் தலகாணிக்கு அடியில வெச்சுத் தூங்கினா தெரியாதா? தள்ளுங்க."

தன் தாளைப் போட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையை ஓட்டச் சொன்னாள். முப்பது தாள் அழகாக வந்தது. அச்சகக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். முப்பத்தொன்றில் மாப்பிள்ளை மூஞ்சிக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. அடுத்ததில் இரண்டு. அப்புறம் மெஷின் தாளைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"உள்ள உருளையை மாத்தணும்மா, சின்ன விஷயந்தான்," என்று வழிந்தார் கடைக்காரர்.

"சின்ன விஷயந்தானே, மாத்துங்க. மறுபடி ஐந்நூறு ஓட்டிட்டு, வாரண்டியை எழுதி வாங்கிட்டுத்தான் கையெழுத்து."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். காசோலை பேசாமல் அவள் கைப்பைக்குக் குடிபோனது.

"சார்தான் உங்க வீட்டுக்காரரா? அட, நம்ம ஆளுங்க! இதுக்குப் போய் எதுக்கும்மா இவ்வளவு சோதனை?"

அவள் பெருமூச்சு விட்டாள்.

"இவரை ஓட்டிப் பார்க்காமத்தான் கட்டிக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் திருப்பிக் கொடுக்க முடியல."