பலமாக ஹாரன் அடிக்கவும்

பலகை வைப்பதில் எங்கள் தெருவை மிஞ்ச இன்னொரு தெரு இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். முனையில் மட்டும் ஐந்து பலகைகள். 'எச்சரிக்கை: குழி' என்ற பலகை, குழியை மூடி இரண்டு வருஷம் ஆன பிறகும் நட்டநடுச் சாலையில் நிற்கிறது. வண்டிகள் இப்போது அதில்தான் மோதுகின்றன. 'இங்கே பலகை வைக்கக் கூடாது' என்று கதவளவுக்கு ஒரு பலகை. அதற்கு நாலடி தள்ளி, 'முன்னே முக்கிய அறிவிப்பு உள்ளது. நின்று படிக்கவும்.' அந்த முக்கிய அறிவிப்பு, வளைவில் ஒரே கம்பத்தில் இருக்கும் இரண்டு பலகைகள். மேலே: 'அமைதிப் பகுதி. ஹாரன் அடிக்காதீர்.' கீழே: 'அபாய வளைவு. ஹாரன் அடிக்கவும்.'

எங்கள் ஓட்டுநர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். நின்று இரண்டையும் படிப்பார்கள். அவர்கள் படித்து முடிக்கும்வரை பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

அந்த வளைவுக்கு நேர் மேலே, முதல் மாடியில், என் காது பரிசோதனை நிலையம். கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு, 'கீ' என்று மெல்லிய சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். தூக்கினால் காது கேட்கிறது, தூக்காவிட்டால் கேட்கவில்லை. மெஷினே முத்திரையோடு சான்றிதழ் அடித்துத் துப்பிவிடும். கடவுளே வந்தாலும் அதில் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. வட்டாரத்தில் அங்கீகாரம் பெற்ற நிலையம் இது ஒன்றுதான். காலை பத்து முதல் மாலை நாலுக்குள் செய்த சோதனைதான் செல்லும் என்பது விதி. தெரு தொண்டை கிழியக் கத்துவதும் அதே நேரத்தில்தான்.

இந்த விதி கடைசியில் என் அக்கா புருஷன் தலையில் வந்து விடிந்தது. மச்சான் இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். எங்கள் தெருவில்தான் வீடு. மாதக் கடைசிக்குள் காதுச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

"கேட்குதா மச்சான்?"

"கேட்குதே. இருபத்தேழாம் நம்பர். நம்ம டிப்போ வண்டிதான் மாப்ளே. ஹாரன்ல தண்ணி பூந்திருக்கு."

"அதில்ல. 'கீ'ன்னு ஒரு சத்தம்."

"அதையும்தான் கேட்டேன். அது பதினாலாம் நம்பரோட பிரேக்கு."

மெஷின் யோசிக்காமல் அடித்துக் கொடுத்தது: செவித்திறன் இல்லை.

கூட வந்த அக்கா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். "நான் அடுப்படியில முணுமுணுக்கிறது வாசல்ல இருக்கிற இந்த மனுஷனுக்குக் கேட்குதுடா. இவருக்கா காது கேட்காது? வேலை போயி இவரு பகலெல்லாம் வீட்டுல உட்கார்ந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும், ஆமா."

மறுநாளே ஒலிக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போனேன்.

"ஹாரன் அடிக்காதேன்னு போர்டு வெச்சாச்சே, இன்னும் என்ன?" என்றார் கண்காணிப்பாளர்.

"அதுக்குக் கீழேயே அடின்னும் இருக்கு சார்."

"அது பாதுகாப்புப் பிரிவு. எதிர் மேஜை."

எதிர் மேஜைக்காரர் தலை நிமிராமலே பதில் சொன்னார். "இவங்க போர்டு வளைவை மறைக்குது. எதிர்ல வர்ற வண்டி தெரியலை. தெரியலைன்னா ஹாரன் அடிச்சுத்தானே ஆகணும்?"

"அப்ப அந்த மேல் போர்டை எடுத்துட்டா..."

"எடுத்துட்டா எல்லாரும் ஹாரன் அடிப்பாங்களே!" என்று பதறினார் கண்காணிப்பாளர்.

இரண்டு மேஜைக்கும் நடுவே நாலடி. இருவரும் ஒரே ஃபிளாஸ்கிலிருந்துதான் டீ குடிக்கிறார்கள்.

"தெருக்காரங்க எல்லாரும் சேர்ந்து புகார் எழுதிக் கொடுங்க. ஆனா ஒவ்வொருத்தருக்கும் காது கேட்கும்னு சான்றிதழ் இணைக்கணும். போன வருஷம் ஒருத்தர் சத்தம் தாங்கலைன்னு எழுதினார். மூணு மாசம் விசாரிச்சோம். கடைசியில பார்த்தா அவருக்குக் காதே கேட்காது."

"அப்புறம் ஏன் சார் புகார் கொடுத்தார்?"

"அதைத்தான் அவர்கிட்ட கேட்டோம். அவர் காதுல விழலை."

"சரி, சான்றிதழ் எங்க வாங்கணும்?"

"உங்ககிட்டதான்."

தெருவில் என்னையும் மச்சானையும் சேர்த்து முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட முன்வந்தார்கள். வரிசையாக உட்கார வைத்துச் சோதித்தேன். தையற்காரர் லாரி போகும்போதெல்லாம் விரலைத் தூக்கினார். மருந்துக்கடைக்காரர் கடைசிவரை தூக்கவே இல்லை. மச்சான் இரண்டாம் முறையும் தேறவில்லை. நானே உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் செவித்திறன் இல்லை. இந்த இரைச்சலுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேறென்ன வேண்டும் என்று நினைத்து, முப்பத்தொரு சான்றிதழையும் புகாரோடு இணைத்து அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதில் வந்தது. 'மேற்படி தெருவாசிகள் அனைவரும் செவித்திறன் அற்றவர்கள் என்பது தாங்கள் இணைத்துள்ள ஆவணங்களாலேயே ஐயந்திரிபற நிரூபணமாகிறது. கேளாதவர்களுக்கு ஒலியால் தொல்லை நேர வாய்ப்பில்லையாதலால் புகார் முடித்து வைக்கப்படுகிறது. எனினும் அன்னாரது பாதுகாப்பை உத்தேசித்துத் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.'

தக்க நடவடிக்கை அடுத்த வாரமே கம்பத்தில் ஏறியது: 'காது கேளாதோர் வாழும் பகுதி. பலமாக ஹாரன் அடிக்கவும்.'

மச்சானுக்கு பஸ் போனது. ஆனால் கேளாதோர் ஒதுக்கீட்டில், அதே ஒலிக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆய்வாளர் வேலை வந்தது. சத்தத்தை அளக்க, சத்தத்தால் பாதிக்கப்படாத ஆள்தான் தேவை என்பது அலுவலகத்தின் நியாயம். அக்கா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். முப்பத்தொரு பேருக்கும் ஆளுக்கோர் அட்டை வந்தது. அதைக் காட்டினால் எந்த அலுவலகத்திலும் வரிசையில் நிற்க வேண்டாம். நாற்காலி போட்டு, எழுதிக் காட்டி, வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆறு வருஷமாக அலைந்த பட்டாவைத் தையற்காரர் அரை மணியில் வாங்கி வந்தார். அதன் பிறகு தெருவில் சத்தத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

வருஷம் திரும்பியது. அட்டையைப் புதுப்பிக்க மறுசோதனை என்று கண்காணிப்பாளரே நேரில் வந்தார், கூடவே மச்சானும். வந்த நேரம் பார்த்து, குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு சைக்கிள்கூட வரவில்லை. குண்டூசி விழுந்தால் கேட்கும்.

மெஷின் 'கீ' என்றது. கருவியை மாட்டாதவர்களுக்கே கேட்டது. முதலில் மச்சான் உட்கார்ந்தார். கையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். தையற்காரர் விரல்களைக் கோத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். முப்பது பேரில் ஒரு விரல் எழவில்லை.

கடைசியில் நான். ஒருவனுக்குக் கேட்டது என்றாலும் போன வருஷச் சான்றிதழ் அத்தனையும் பொய்யாகும். மச்சான் வேலையும் போகும், என் அங்கீகாரமும் போகும். வாசலில் நின்ற அக்கா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'கீ' என்றது. மணி அடித்தது போல அவ்வளவு தெளிவு.

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். மச்சான் என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்: "என்ன மாப்ளே, ஏதாச்சும் கேட்குதா?"

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க மச்சான்" என்றேன்.