ஆடாத படம்

படம் மறுபடியும் ஆடியது.

திரையில் தேனடை மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிய வேண்டிய இடத்தில், ஈரக் கையால் தடவிவிட்ட எழுத்து மாதிரி என்னவோ நெளிந்து கிடந்தது. படலக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். செப்புத் தகட்டை உலையில் சூடேற்றி, வாயுவைச் செலுத்தி, அதன்மேல் ஒரே ஓர் அணு கனத்துக்குக் கரிப் படலம் வளர்ப்பது அவள் வேலை. ஒரு தலைமுடியை நெடுக்காக இரண்டு லட்சம் தாளாகச் சீவ முடிந்தால், அதில் ஒரு தாள்தான் அந்தக் கனம். வளர்த்துவிட்டால் மட்டும் போதுமா? வளர்ந்திருக்கிறது என்று காட்ட வேண்டுமே. அதற்கென்றே ஓர் ஊசி, படலத்தைத் தொடாமல் அதன்மேல் மேய்ந்து, வரி வரியாகப் படம் எடுக்கும். பக்கத்தில் யாராவது இருமினால்கூட அந்த ஊசிக்குத் தூக்கிவாரிப் போடும்.

இன்றைக்கென்று பார்த்து இப்படி. எந்தக் கருவி எந்தத் துறைக்கு என்று முடிவு செய்யும் குழு மாடியில் இயக்குநர் அறையில் வந்து உட்கார்ந்திருந்தது. அவர்கள் படத்தைக் கண்ணால் பார்த்தால்தான் கருவி இங்கே இருக்கும். இல்லையென்றால் வேறு துறைக்குப் போய்விடும். அவள் பட்டமும் அந்தரத்தில் தொங்கும்.

"நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். படம் மட்டும் ஆடாம இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் மேலே போயிருந்தார்.

"ஏசிதான் ஆட்டுது" என்றார் கருவியைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன்.

"நிறுத்துங்கண்ணே."

நிறுத்தினார். நெளிவு குறைந்தது. ஆனால் அறை சூடேற ஏற, படம் மொத்தமாக ஒரு பக்கம் சரிய ஆரம்பித்தது.

"கதவைத் திறந்து வைப்போமா?"

திறந்தார்கள். காற்று வந்தது. கூடவே, நடைக்கூடத்தில் போன தள்ளுவண்டியும் படத்துக்குள் வந்தது. 'சத்தம் போடாதீர்கள்' என்று எழுதிக் கதவில் ஒட்டினாள். போகிற வருகிற ஒவ்வொருவரும் நின்று, அதை வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் இருப்பவரிடம் "எதுக்காம்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கதவைச் சாத்தினாள். அது சத்தம் புகாத இரட்டைக் கதவு. சுவர் முழுக்க மெத்தை வேறு. உள்ளே இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. மாமியார்.

"என்னம்மா, அணுவைப் பாத்துட்டியா?"

"பாத்துட்டுதான் இருக்கேன் அத்தை. ஆடுது. அப்புறம் பேசறேன்."

"நான் வீட்டுல இருந்து பேசினா அங்க எப்படி ஆடும்?"

"ஃபோன் அதிருதுல்ல, அதுக்கே ஆடும்."

"இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை வச்சுக்கிட்டு நீ எப்படித்தான் பட்டம் வாங்கப் போறியோ."

கைபேசியை அணைத்தாள். டெக்னீஷியனுடையதையும் பிடுங்கி அணைத்தாள். அப்படியும் ஆடியது. விறுவிறுவென்று வெளியே போய் எலக்ட்ரீஷியனைப் பிடித்தாள்.

"இந்தப் பக்கம் ஓடுற மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"எந்த மோட்டாரை?"

"எல்லாத்தையும். நான் வந்து சொல்ற வரைக்கும் போடாதீங்க. யார் கேட்டாலும் சரி."

"அப்புறம் என்னைத் திட்டக் கூடாதும்மா."

"நான் பாத்துக்கறேன்."

திரும்பி வந்து பார்த்தால், கோடுகள் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக வந்துகொண்டிருந்தன. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்த முதுகு நாற்காலியில் பதிவதற்குள் புதிதாக ஒன்று முளைத்தது. மூன்று மேடு. ஓர் இடைவெளி. மறுபடி மூன்று மேடு.

"இது என்னண்ணே?"

டெக்னீஷியன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "கொசுவலையை ரெண்டா மடிச்சுப் பாத்திருக்கியா? ஒரு கட்டத்து மேல இன்னொரு கட்டம் சரியாப் பொருந்தாம உட்கார்ந்தா இப்படித்தான் அலை அலையாத் தெரியும். அடியில செம்பு, மேல உன் படலம்."

"மூணு மூணாவா?"

"அதான் புதுசு. இதுவரைக்கும் யாரும் பாத்திருக்க மாட்டாங்க."

படலக்காரிக்கு நெஞ்சு படபடத்தது. அதற்கும் ஊசி ஆடிவிடப் போகிறதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கருவி கையைவிட்டுப் போகாது; பட்டம் நிச்சயம்; அலைக்கு அவள் பெயரையே வைத்தாலும் வைப்பார்கள். படங்களை ஒவ்வொன்றாகச் சேமித்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேடுகள் இரண்டிரண்டாகக் குறைந்தன. பிறகு எப்போதாவது ஒன்று. பிறகு அதுவும் இல்லை. திரையில் தேனடை மட்டும், ஒரு கட்டம்கூடப் பிசகாமல், ஓரத்திலிருந்து ஓரம் வரை நின்றது.

"அலை எங்கண்ணே போச்சு?"

"படலம் நல்லாப் படிஞ்சு உட்கார்ந்திருக்கும்" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல்.

சரி, இருக்கிற தேனடையைக் காட்டினாலே போதும் என்று காத்திருந்தார்கள். காட்டத்தான் ஆள் இல்லை. குழுவையும் காணோம், கூட்டிவரப் போன பேராசிரியரையும் காணோம்.

"பாக்காமலேயே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க போல" என்று மூக்கை உறிஞ்சியபடி படலக்காரி கதவைத் திறந்தாள். வாசலிலேயே எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார்.

"மேலேருந்து ஒரு குழு வந்துச்சா, பாத்தீங்களா?"

"லிஃப்ட்டுக்குள்ள இருக்காங்கம்மா, உங்க சாரும்தான், மூணு மூணு தட்டாத் தட்டிப் பாத்துட்டு, கை வலிச்சுப்போய் அப்பவே உட்கார்ந்துட்டாங்க. மோட்டாரைப் போடலாமா?"