ஐந்து கிலோ தற்காப்பு

நான் பயந்த சுபாவம். பயந்தவன் கையில் கனமான பொருள் எதையும் கொடுக்கக் கூடாது என்பது இப்போது எங்கள் ஜோகுபாளையம் தெருவுக்கே தெரியும்.

கார் வாங்கிய பிறகு வந்த முதல் ஆயுத பூஜை அது. வாங்கிய நாளிலிருந்தே யாரோ அதைத் திருடப்போகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (ஸ்டியரிங்குக்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரு சங்கிலி. கிளம்பவே பத்து நிமிடம் ஆகும்.) காலையில் திருஷ்டி சுற்றி உடைக்கப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், வாழைக்கன்று கட்டிய என் வெள்ளைக் காரின் கதவிடுக்கில் ஒருவர் ஸ்டீல் ஸ்கேலை விட்டு நெம்பிக்கொண்டிருந்தார்.

"ஏய், யாரோ நீனு?" என்று இந்த ஊர்க் கன்னடத்தில் கத்தினேன். அவர் ஸ்கேலோடு திரும்பினார். என் கண்ணுக்கு அது கத்தி. பூசணிக்காயை வீசிவிட்டேன். அது அவர் பாதத்தில் விழுந்து உடைந்தது.

"ஐயோ அம்மா! என் காரு சார் இது! சாவிய உள்ள வச்சு பூட்டிட்டேன்!" என்று தமிழில் அலறினார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த என் மனைவி மாலதி எங்கள் கார் சாவியை அமுக்கினாள். நான்கு கார் தள்ளி, அதே வெள்ளை, அதே வாழைக்கன்றோடு ஒன்று 'கீங்' என்றது. நம்பர் பிளேட்டை இரண்டிலுமே சாமந்தி மாலை மறைத்திருந்தது.

மாலதி வக்கீல். நடுத்தெருவிலேயே என்னை விசாரித்தாள்.

"உங்க மேல கை வச்சாரா?"

"இல்ல."

"கிட்ட வந்தாரா?"

"திரும்பினாரு."

"திருடனாவே இருக்கட்டும். தடுக்க எவ்ளோ தேவையோ அவ்ளோதான் செய்யலாம். ஒரு ஸ்கேலுக்கு அஞ்சு கிலோ பூசணியா?"

பிறகு அவரிடம், "நீங்க போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாம். நானே எழுதித் தர்றேன்" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். ஆனாலும், கட்டிய கணவன் என்றுகூடப் பார்க்காத அந்த நேர்மையில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் பெயர் முருகேசன். பொம்மனஹள்ளியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்தவர். "கம்ப்ளெய்ன்ட்லாம் பேடா, வேணாம் மேடம். பாவம், பயத்துல போட்டாரு. மொதல்ல கதவ தொறக்க வழி பாருங்க" என்றார். அவர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, நான்தான் ஸ்கேலை விட்டு நெம்பினேன். போகிறவர் வருகிறவரெல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர்கள் கையில் பூசணிக்காய் இருக்கிறதா என்று நானும் பார்த்துக்கொண்டேன். கதவு திறக்க அரை மணி ஆனது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை, வீக்கத்தோடு போயிற்று.

அந்த வீங்கிய காலோடு என்னை மன்னித்த மனிதர் இன்று எங்கள் குடும்ப நண்பர். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. ஆனால் கிளம்புவதற்கு முன்பு மாலதிக்கு போன் வந்துவிடும். அவளும் உறவினர் எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடுவாள்.

"மேடம், சார் பூசணிக்கா ஒடச்சு முடிச்சிட்டாரா? அப்போ நான் கெளம்பட்டா?"