எக்கர்ஸ்லி அம்மாவின் சட்டி

சட்டி பிளந்த சத்தம் அப்படி ஒன்றும் பெரிதில்லை. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்ட போதகர் ஆம்ப்ரோஸ் விட்டிலின் கையிலிருந்த கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் அடுப்பின் மேல் சரிந்து, சுடரை அணைத்து, குழம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறப் பீங்கான் சட்டி இரண்டு பாதியாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

லங்காஷயர் மலையடிவாரத்தில் இருக்கும் தார்ன்பெக் சபைக்கு அவர் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. முப்பத்துநாலு வயது, கல்யாணமாகவில்லை, தனிப்பொறுப்பில் கிடைத்த முதல் சபை. பேராயரிடம்கூட அவருக்கு அவ்வளவு பயமில்லை. சபையின் மூத்த நிர்வாகி வினிஃப்ரெட் எக்கர்ஸ்லி அம்மாவிடம்தான் பயம். இவருக்கு முன்னால் இருந்த போதகர், பீடத்துப் பூஞ்சாடியை இடமிருந்து வலப்பக்கம் மாற்றி வைத்தாராம். எட்டே மாதத்தில் ஊரை விட்டுப் போய்விட்டாராம்.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மாதான் தன் கையாலேயே ஹாட்பாட் என்கிற ஆட்டுக்கறிக் குழம்பைச் சமைத்து மூடியோடு கொண்டுவந்து கொடுத்தாள். போகும்போது வாசலில் நின்று, "சட்டி எங்கம்மாவோடது, ஐயா. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு முன்னாடி வந்துரணும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னதுதான் பயமுறுத்தியது.

புதன் மதியம், ஓவன் சூடாகிற வரை காத்திருக்கப் பசி விடவில்லை. சட்டியை நேராக அடுப்பில் ஏற்றிவிட்டார். விஷயம் இவ்வளவுதான்.

முதலில் ஒட்டிப் பார்த்தார். கட்டைவிரல் சட்டியோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. விரலைப் பிடுங்கியபோது ஒரு பக்கத்துக் காது கையோடு வந்துவிட்டது. இப்போது சட்டி மூன்று துண்டு.

கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த பெரில், ஒரு சட்டி வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், அடுப்புக்கா ஓவனுக்கா என்று கேட்டாள். இரண்டுக்கும் என்றார். அப்படியானால் மண்ணும் பீங்கானும் கண்ணாடியும் ஆகாது, நெருப்பில் நேராக வைத்தால் வெடித்துவிடும் என்றாள். எனாமல் பூசிய வார்ப்பிரும்புதான் சரி. மூடி ஆடாமல் உட்கார வேண்டும், கனத்த கையுறையோடு பிடித்துத் தூக்குகிற அளவுக்குக் காது பெரிதாக இருக்க வேண்டும், மூடியின் குமிழும் உலோகமாக இருக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்ட போதகர், கடைசியில் பழுப்பு நிறத்தில் உடைந்ததைப் போலவே இருந்த ஒரு பீங்கான் சட்டியைக் காட்டி அதைத்தான் எடுத்தார்.

"இத்தன நேரம் நான் யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன்?" என்று கேட்டாள் பெரில்.

"நண்பர் ஒருத்தருக்கு" என்றார் போதகர். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும்தான் புதுச் சட்டி கண்ணாடி மாதிரி மின்னுவது கண்ணில் பட்டது. எந்த அம்மாவும் ஆண்ட சட்டியாக அது தெரியவில்லை. பழசாக்குவதற்காக அதில் தேயிலைக் கஷாயத்தை ஊற்றி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தார். நிறம் நன்றாகத்தான் ஏறியது. அந்தச் சந்தோஷத்தில் வெளியே எடுத்த சூட்டோடு சூடாகக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். மறுபடியும் 'டக்'.

வியாழக்கிழமை பெரிலின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல், பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனார். அங்கே பழுப்பு நிறத்திலேயே ஒரு வார்ப்பிரும்புச் சட்டி கிடைத்தது. குமிழைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. இதையும் பழசாக்கலாம் என்று ஓவனின் உச்சச் சூட்டில் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை எழுத உட்கார்ந்தார். பொய்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளையைப் பற்றிய பிரசங்கம். இரண்டாவது பக்கத்தில் இருந்தபோது அடுக்களையிலிருந்து கறுப்புப் புகை வந்தது. பிளாஸ்டிக் குமிழ் உருகி, ஓவன் தட்டுகளின் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. புகைமணி தெருவுக்கே கேட்டது. பத்து நிமிஷத்தில் தீயணைப்பு வண்டி வந்தது.

அரைமணி நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. எக்கர்ஸ்லி அம்மாதான். போதகருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவள் கேட்கவில்லை.

"ஐயா, எங்கம்மா சட்டி?"

"பத்திரமா இருக்கும்மா. கழுவிக் கவுத்து வச்சிருக்கேன்."

ரிசீவரை வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினார். சட்டி உடைந்தது விபத்து. இது பொய். அதுவும் மேசையில் அந்தப் பிரசங்கம் பாதியில் கிடக்கும்போது சொன்ன பொய். எட்டு மாதமெல்லாம் இல்லை, இந்த ஊரில் தனக்கு இனி எட்டு நாள்தான் என்று நினைத்துக்கொண்டார். அன்று சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு சவ அடக்கத்தில், கல்லறை ஓரம் நின்ற எக்கர்ஸ்லி அம்மா தன்னையே பார்ப்பதைக் கண்டு, இறந்தவரின் பெயருக்குப் பதிலாக அவள் பெயரைச் சொல்லி அடக்கம் பண்ணப் பார்த்தார். நல்லவேளை, முதல் எழுத்தோடு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மறுபடியும் பெரில் கடைக்குப் போனார். இந்த முறை மறைக்க ஒன்றுமில்லை. "நீங்க சொன்னதையே குடுங்க" என்றார். நீல எனாமல், பித்தளைக் குமிழ், இறுகி உட்காரும் மூடி, கனமான அடி. கடையிலேயே விலை கூடியது அதுதான். குளிருக்குக் கோட்டு வாங்க வைத்திருந்த பணம் அதோடு போயிற்று.

உடைந்த துண்டுகளை ஒரு பையிலும், புதுச் சட்டியை மார்போடு அணைத்தும் எடுத்துக்கொண்டு எக்கர்ஸ்லி அம்மாவின் வீட்டுக்கு மேட்டில் ஏறினார். சட்டி கனத்ததா மனசு கனத்ததா தெரியவில்லை, மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, பிறகு அவளாகப் போகச் சொல்லும் முன்னால் தானே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்.

கதவைத் திறந்தது அவள் கணவர் ஸ்டான்லி. சபைக் கூட்டங்களில் கடைசி வரிசையில் தூங்கும் மனிதர். அவர் இந்த வீட்டில் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அம்மா கோயிலில் பூ அலங்காரத்தில் இருப்பதாகச் சொல்லி அடுக்களைக்கு அழைத்துப் போனார்.

போதகர் உட்காரவில்லை. நின்றபடியே அடுப்பு, பசை, தேயிலை, தீயணைப்பு வண்டி என்று ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். தொலைபேசியில் சொன்ன பொய்யையும் சொன்னார். அந்த அம்மாவின் தாயார் ஞாபகத்துக்கு ஈடாக உலகத்தில் எதையும் கொடுக்க முடியாது என்று தெரியும் என்று சொல்லி நீலச் சட்டியை நீட்டினார்.

ஸ்டான்லி அதை வாங்கி அடியைத் தட்டிப் பார்த்தார். மூடியை வைத்து ஆட்டிப் பார்த்தார். காதுக்குள் விரலை விட்டு அளந்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, எழுந்து அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று நாலு வார்ப்பிரும்புச் சட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"உங்களுக்கு முன்னாடி இருந்த நாலு போதகரும் குடுத்தது, ஐயா. நீலம் மட்டுந்தான் இல்லாம இருந்துச்சு" என்றார் ஸ்டான்லி. "பழுப்புச் சட்டி பரண்மேல இன்னும் ஆறு இருக்கு."