கண்ணாடி ஜாடியில் ஊற்றிய ஒயின்

அன்புள்ள தங்கச்சிக்கு, உன் அண்ணன் சொல்லச் சொல்ல, கீழ் வீட்டுத் தையல்காரர் என் கட்டிலில் உட்கார்ந்து எழுதுவது. இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர எல்லோரும் சௌக்கியம். உன் வீட்டில் முழங்கால் உட்பட எல்லாம் சௌக்கியமாக இருக்கட்டும்.

என் மகன், அதுதான் உன் மருமகன், படித்த படிப்பைக் கேள். ஒயினை மோந்து பார்க்கிற படிப்பு. நீ முன்பல் விழுந்து அழுதாயே, அந்தச் செவ்வாய்க்கிழமை தொடங்கி முப்பத்திரண்டு வருஷம் ஒயின் ஆலையில் பீப்பாய் கழுவித்தான் அவனைப் படிக்க வைத்தேன். போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, ஹோட்டல் முதலாளியம்மா வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் ஹோட்டலில் ஒயினுக்கெல்லாம் இவன்தான் தலைவன். முரட்டுச் சிவப்பு ஒயின் ஒன்று வாங்கி வந்து எனக்கே பாடம் எடுத்தான். "துவர்ப்பு நாக்கைக் கவ்வும்ப்பா, கொழுப்போட ஒரு துண்டு கறி போட்டா விட்டுடும். மூணு மணிக்கே திறந்து கண்ணாடி ஜாடியில ஊத்திடுங்க, அதுக்குக் காத்துப் படணும்." எனக்கும்தாண்டா படணும் என்றேன். "நீங்க சமையலறையிலேயே இருங்க. லேபிளைக் காட்டி ஏதாவது கேட்டுட்டா உங்களுக்குத்தான் சங்கடம். கேட்டாங்கன்னா, ஒத்தாசைக்கு வந்தவர்னு சொல்லிடறேன்" என்றான். மருமகள் கறிச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி என்று திறந்தேன். ஈரச் சாக்கு நாற்றம். மூடித் தக்கை கெட்டால் அப்படித்தான் நாறும், அதற்கு எழுத்துப் படிக்கத் தெரிய வேண்டாம். மானம் போகக்கூடாதே என்று அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அடுப்போரம் கறியில் ஊற்ற வைத்திருந்த மட்ட ஒயினை ஜாடியில் நிரப்பினேன். முதலாளியம்மா வந்து உட்கார்ந்ததும் இவன் கிளாஸைச் சுழற்றி மோந்தான், சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தான், பிறகு ஆரம்பித்தான் பார்: பன்னிரண்டு வருஷம் இருட்டில் உறங்கியதாம், புகை வாசனையாம், பதப்படுத்திய தோலாம்! பன்னிரண்டு நாள் அடுப்போரம் வெந்த சரக்கம்மா அது. அந்த அம்மாளும் கறியோடு குடித்துவிட்டு, "அபாரம் தம்பி, திங்கக்கிழமையே வந்துடுங்க" என்றார். அதோடு விட்டாரா? "உள்ளே பெரியவர் யாரு?" "ஒத்தாசைக்கு வந்தவர்ங்க."

இரண்டு பாட்டிலையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். "அம்மா, நான் இவனைப் பெத்தவன். நீங்க குடிச்சது இதை" என்று அடுப்பு பாட்டிலைக் காட்டினேன். அவர் வாயைத் துடைத்தார். "ஏமாத்தறதுக்கு என் நாக்குதான் கெடச்சுதா?" என்று எழுந்து போய்விட்டார். ஒன்பது நாளாக மகன் என்னோடு பேசவில்லை. எதிரே நான் உட்கார்ந்திருக்கும்போதே, "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்று பெண்டாட்டியிடம் சொல்கிறான். பின்னறையை ஒழித்து வை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீயும் பிள்ளைகளும் நூறு வருஷம் நல்ல பல்லோடு இருங்கள்.

உன் அண்ணன்.

பி.கு. தையல்காரர் பேனாவை மூடாமல் கேட்கிறார்: "கெட்டுப்போன ஒயினைக் கொட்டினீங்க, சரி. அந்தக் காலி பாட்டில் ஏன் பெரியவரே தலையணைக்கடியில இருக்கு?" தங்கச்சி, தொட்டியில் ஒரு சொட்டும் விழவில்லை. நாற்றமும் இல்லை. ஒத்தாசைக்கு வந்தவர் என்று சொல்லிவிடுவேன் என்றானே, அந்த ஆத்திரத்தில் மூன்று மணிக்கு நானே குடித்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு வாய் எனக்கு யாரும் தந்ததில்லை. நாக்கைக் கவ்வியது. சட்டியிலிருந்து ஒரு துண்டு கறி எடுத்துப் போட்டேன், விட்டது. அவன் சொன்னது அப்படியே சரி. அவ்வளவு தெரிந்தவனுக்கா அடுப்பு ஒயின் தெரியாது? மோந்ததுமே தெரிந்துகொண்டுதான் என் பக்கம் பார்த்திருக்கிறான். எனக்காக முழுங்கியிருக்கிறான். பின்னறையை ஒழிக்காதே. நாளைக்குக் காலையில் அந்த அம்மாளிடம் போகிறேன். ஒயினைத் திருடிக் குடித்தவன் நான், அந்தத் தம்பி அது தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, பெத்தவன் என்றது குடிபோதையில் உளறியது, நான் ஒத்தாசைக்கு வந்தவன்தான் என்று சொல்லிவிடுவேன்.