மட்டமான பாத்ரூம்

அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பல வருடமாகத் தரம் பார்க்கிறேன். அரை மயிரிழை பிசகினாலும் சிவப்பு மையைத் தடவி ஒதுக்கிவிடுவேன். இப்படிப்பட்ட ஆளை, வீட்டில் கொத்தனார் வேலை நடக்கும்போது எங்காவது வெளியூருக்கு அனுப்பிவிட வேண்டும். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அது தோன்றாமல் போய்விட்டது.

என் மாமியார் சாமல்பட்டியில் தனியாக இருந்தார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு எங்களோடு வந்து இருக்கச் சொல்லி ஸ்டெல்லா கெஞ்சாத நாள் இல்லை. "உங்க பாத்ரூம்ல படி தாண்டி எறங்க என்னால ஆவாதும்மா" என்று ஒரே பதில்.

"அவ்வளவுதானே? பாத்ரூமையே மாத்திடறேன்" என்றேன்.

மாற்றுவது என்று முடிவு செய்த பிறகு நான் மனுஷனாகவே இல்லை. கடை கடையாக ஏறி இறங்கினேன். தரைக்கு வழுக்காத சொரசொரப்பு டைல், நாலடி நீளம். சுவருக்குக் கரும் சாம்பல் நிறம். பிடித்து நடக்க எவர்சில்வர் கம்பி. மேலே சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஷவர். அதைத் திறந்து மூட, கண்ணை உறுத்தாத கறுப்புக் கைப்பிடி. வாசலில் இருந்த படியை உடைத்தெடுத்து, ஹாலும் பாத்ரூமும் ஒரே தளமாக வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

கொத்தனார் மஞ்சண்ணா கர்நாடக எல்லையில் இருக்கும் தளியைச் சேர்ந்தவர். டைலைப் பார்த்தார், தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இதை நாலா வெட்டி ஓட்டைப் பக்கம் சரிச்சு ஒட்டணும் சார். வாட்டம் பேக்கு. இல்லாந்த்ரெ நீரு ஹொரகே பருத்தே."

வாட்டம், அதாவது சரிவு, இல்லாவிட்டால் தண்ணீர் வெளியே வரும் என்கிறார். (கன்னடம் புரியவில்லை என்று நான் தப்பிக்க முடியாது. ஓசூரில் அது யாருக்கும் புரியும்.)

"இவ்வளவு அழகான டைலை வெட்டறதா? முழுசா ஒட்டுங்க" என்றேன்.

அவர் ஒட்ட ஒட்ட, நான் பின்னாலேயே ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் காற்றுக்குமிழி நடுக்கோட்டை விட்டு நகர்ந்தால், "அண்ணா, தூக்குங்க." அந்த மனுஷன் திருட்டுத்தனமாகக் கொடுத்த கொஞ்சம் வாட்டத்தையும் நான்தான் கண்டுபிடித்து நேராக்கினேன். கடைசியில் அவர் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "அக்கா, நான் சொல்லிட்டேன். நாளைக்கு என்னைக் கேக்கக்கூடாது" என்றார். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். குமிழியே நடுவில் நிற்கும்போது பக்கெட் எதற்கு என்று கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து இறங்கினார். மாலை வீட்டில் ஜெபக்கூட்டம். சபையார் இருபது பேர் ஹாலில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குளித்துவிட்டு வருகிறேன் என்று அத்தை உள்ளே போனார். பாஸ்டருக்கு வேறொரு வீட்டுக்கும் போக வேண்டியிருந்ததால், அத்தை வரும் முன்பே ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

எல்லோரும் கண்ணை மூடினோம். என் முழங்கால் ஜில்லென்றது. பக்தியின் மிகுதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா கிள்ளினாள். கண்ணைத் திறந்தால், பாத்ரூம் கதவின் அடியிலிருந்து தண்ணீர் ஒரே சீராக, ஒரு பக்கமும் கூடாமல் குறையாமல், ஹால் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. என் மட்டம் அவ்வளவு துல்லியம்! ஜமுக்காளம் குடிக்கிற வரைக்கும் குடித்துவிட்டு மிச்சத்தை சபையாருக்குக் கொடுத்தது. ஜெபத்தின் நடுவில் எழுந்திருக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒவ்வொருவராக நெளிந்தார்கள். பாஸ்டரின் குரலில் வேகம் கூடியது. அவர் காலுக்கும் போய்விட்டது போல.

அப்போது உள்ளேயிருந்து சத்தம். "மாப்பிள்ளை! இதை எப்படிங்க நிறுத்தறது?"

கதவருகே ஓடினேன். "அத்தை, கறுப்புக் கைப்பிடி! இடது பக்கம் திருப்புங்க!"

"செவுரே கறுப்பாத்தான் இருக்குது! கண்ணாடிய வேற கழட்டிட்டேன்!"

"கையால தடவிப் பாருங்க!"

தடவியிருக்கிறார். திருப்பியும் இருக்கிறார், எதிர்ப்பக்கமாக. ஷவர் இன்னும் மும்முரமாகக் கொட்டியது. "ஆமென்" என்று பாஸ்டர் முடித்த நொடியில் இருபது பேரும் ஒன்றாகத் துள்ளி எழுந்தார்கள். நான் மொட்டைமாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடினேன். இறங்கி வந்தால் பாஸ்டர் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, விளக்குமாறால் தண்ணீரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. கம்பியைப் பிடித்தபடி அத்தை வந்தார். சொட்டச் சொட்ட நின்ற சபையைப் பார்த்தார்.

"என்னங்க மாப்பிள்ளை, நான் ஒருத்தி குளிக்கப் போனா இத்தனை பேரையும் சேர்த்துக் குளிப்பாட்டியிருக்கீங்க?"

சபையே சிரித்தது. ஆனால் எல்லோரும் போன பிறகு, "காலையில என்னை பஸ் ஏத்தி விடும்மா" என்று அவர் மெதுவாகச் சொன்னார். ஸ்டெல்லா ஜமுக்காளத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அத்தையிடம் போனேன்.

"அத்தை, ஒரு வாரம். அதுவரைக்கும் பக்கத்து வீட்டு பாத்ரூம். அப்பறமும் பிடிக்கலைன்னா நானே ஊர்ல கொண்டுபோய் விடறேன்."

மறுநாள் மஞ்சண்ணா வந்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. (கேட்டிருந்தால் தேவலை.) லீவு போட்டுவிட்டு, தரையை நானே உளியும் சுத்தியலுமாக உடைத்தேன். புது டைலை அவர் நாலு துண்டாக வெட்டும்போது நானே பிடித்துக்கொண்டேன். நாலு பக்கமிருந்தும் ஓட்டைக்குச் சரிவு வந்தது. வாசலில் படிக்குப் பதிலாக, கால் தடுக்காத சின்னச் சரிவு. கைப்பிடி பளபளவென்று வெள்ளி நிறம். ஷவருக்குக் கீழே சாதாரணக் குழாய், ஒரு பக்கெட், ஒரு மக்.

அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஏழு நாளும் மேற்பார்வை பார்த்தார். கடைசி நாள் முதல் பக்கெட்டை அவரே ஊற்றினார். தண்ணீர் விறுவிறுவென்று ஓடி ஓட்டைக்குள் இறங்கியது. "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்றார். அது முடிந்து மூன்று வருடமாகிறது. இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்.

போன மாதம் அத்தையின் மகன், கிருஷ்ணகிரியில் இருக்கும் என் மச்சான், வீட்டுச் சமையலறைக்கு மேடைக் கல் தேடினார். வீடியோ காலில் இரண்டு கல்லைக் காட்டினார்கள். ஒன்று பால் வெள்ளை. இன்னொன்று கறுப்பு கிரானைட்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று அத்தை கேட்டார்.

"வெள்ளைங்க அத்தை."

அத்தை போனில் இருந்த மகனிடம் திரும்பினார். "கேட்டியா? கறுப்பே போடு."

போனில் அந்தப் பக்கம் மொத்தக் குடும்பமும் சிரித்தது. எங்கள் வீட்டில் எதை வாங்குவதானாலும் இப்போது இதுதான் முறை. என்னைக் கேட்டுவிட்டு, மற்றதை எடுப்பார்கள்.

மஞ்சள் கறையும் எண்ணெயும் வெள்ளைக் கல்லை என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியாதா? எனக்குப் பிடித்தது கறுப்புதான்.